பதக்க விளிம்பில் ஏறாத பெயர்கள்

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் 1948-ல் அந்த மலைக்கு ஏற இருந்த ஒரே சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவில் தொடங்கியது. ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தா போய்ச் சேர ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பாதிக்கு மேல் வளைவு. அரிசியும் ஆளும் தபாலும் பேராக் பக்கமிருந்து ஏறின. நிர்வாகமோ பகாங்கின் அன்றைய தலைநகரான குவாலா லிப்பிஸோடு. மலை நீண்ட காலம் லிப்பிஸ் மாவட்டத்தின் கீழ் ஒரு துணை மாவட்டமாகவே இருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1950களின் நடுவிலேயே மாநிலத் தலைநகரும் குவாந்தானுக்கு மாறியது. இந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, 1941-க்கும் 1960-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏதோ ஒரு படையிலோ காவலிலோ இருந்த ஒரு தமிழரின் பேரன் இன்று கிளம்பி, தாத்தாவின் பணிப் பதிவில் அவருக்குரிய பதக்கத்தைச் சேர்த்துத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால், எந்த ஊர் அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதே முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரியது. திருத்தம் கேட்க வேண்டுமானால் திருத்துவதற்கு ஒரு வரியாவது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த மலைத் தோட்டத் தமிழர் விஷயத்தில் அந்த வரியே பெரும்பாலும் எழுதப்படவில்லை. பிழையைத் திருத்துவதற்காக வகுத்த விதிகளை, எழுதாமல் விட்டதற்கும் அப்படியே பொருத்துவது நியாயமில்லை. சாட்சியச் சுமையை வேறு விதமாகப் பகிர வேண்டும் என்பதே இங்கே என் வாதம்.

வெளிநாட்டில் இந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் படைப்பணிப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே 1946-ல் சட்டம் செய்து வாரியங்கள் அமைத்தார்கள். பணி முடித்து வந்தவர் தம் விடுவிப்புச் சான்றில் ஒரு பதக்கம் விட்டுப்போயிருந்தால் படிவம் நிரப்பி ஆதாரத்தோடு அனுப்பலாம். வாரியம் பழைய கோப்பை எடுத்துப் பார்க்கும். கோப்பே இல்லையென்றால்? அதுவும் அங்கே நடந்திருக்கிறது. 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பதிவகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. அதற்காக யாரும் முன்னாள் வீரர்களைப் பார்த்து, நீங்கள் படையில் இருந்ததே இல்லை என்று சொல்லிவிடவில்லை. சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் அன்றாட ஆள்கணக்கு, மருத்துவமனைச் சீட்டு என்று மிஞ்சிய காகிதங்களிலிருந்து கோப்புகளை மறுபடி கட்டினார்கள். பிரிட்டனிலும் இதே கதை உண்டு. முதல் உலகப் போரின் சாதாரணச் சிப்பாய்களுடைய பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்தன. ஆனால் பதக்கம் வழங்குவதற்காக எழுதி வைத்திருந்த சிறு அட்டைகள் தப்பின. இன்றைக்குப் பல பிரிட்டிஷ் குடும்பங்கள் கொள்ளுத்தாத்தா போருக்குப் போனார் என்று நிரூபிப்பது அந்த அட்டையை வைத்துத்தான். ஆக, பதக்கம் சட்டையில் குத்தும் அலங்காரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பதிவின் இரண்டாவது பிரதி அது. முதல் பிரதி எரிந்தாலும் பேசும். பதக்கம் கிடைக்காதவருக்குப் போனது கௌரவம் மட்டுமா? சாட்சியும் போயிற்று.

மலாயா அவசரகாலத்துக்குப் பிரிட்டிஷ் அரசு தந்த பொதுச்சேவைப் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஊதா நாடா, நடுவில் ஒரு பச்சைக் கோடு. முன்பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. பின்பக்கம் சிறகுள்ள வெற்றித் தேவதை மாலை வைக்கும் உருவம். நாடாவின் குறுக்கே 'மலாயா' என்று பொறித்த பட்டை. இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. ஒருவருக்கே உரியது விளிம்பில் இருக்கிறது: எண், பதவி, பெயர், பிரிவு. சிறப்புக் காவலர் ஒருவருக்கு வழங்கியது என்றால் அவருடைய போலீஸ் எண்ணும் பெயரும் அந்த மெல்லிய விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர், இடம், செய்த காரியம் மூன்றையும் கெட்டியான பொருளில் வெட்டி வைப்பது தமிழருக்குப் புதிதா என்ன? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்தில் இருப்பவை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று கூடலூர் ஆகோள் சண்டையில் மாண்ட தீயன் அந்துவன் என்பவனுடையது. அவன் மன்னனில்லை, ஆநிரைக்காக நடந்த ஊர்ச் சண்டையில் செத்தவன். அவனுக்கு எண்ணும் பிரிவும் தேவைப்படவில்லை. ஊர் கண்டது, ஊர் கல்லெடுத்தது. நவீன அரசின் பதக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது: முதலில் எண் வேண்டும், பிறகுதான் பெயர்.

தோட்டத்து மனிதருக்கு எண் கொடுத்தது யார்? வில்லியம் கேமரன் 1885-ல் நில அளவைக்கு வந்து கண்ட இந்த மேட்டுநிலம் 1920களின் கடைசி வரை காடாகவே கிடந்தது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலை அனுபவம் கொண்ட ஏ.பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. காடு வெட்டி, சரிவில் படி வெட்டி, செடி நட்டு, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அந்தக் கைகளின் சொந்தக்காரர்கள் எழுத்தில் ஏறிய ஒரே இடம் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பேரேடு. விடியற்காலைப் பெரட்டில் தண்டல் பெயர் கூப்பிடுவார், கிராணி பேரேட்டில் குறிப்பார்: ஒரு வரியில் ஒரு பெயர், அதற்கு நேரே மாதத்தின் நாள்களுக்கு வரிசையாகக் கட்டங்கள், முழுநாள் அரைநாள் அடையாளம், என்ன வேலை, கடைசியில் கூலித் தொகை. கிராணிக்குக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் அது. முனியாண்டி ஒரு தோட்டத்தில் ஒரு விதமாகவும் அடுத்த தோட்டத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்படுவார். குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தால் ஊரார் பட்டப்பெயர் வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். செக்ரோலுக்கு அது தெரியாது. பின்னால் எந்தப் படை இவர்களை எடுத்துக்கொண்டாலும், எந்த அரசு தேடினாலும், அடிப்படைக் காகிதம் இதுதான். தோட்ட நிர்வாகத்துக்கு அது கூலிக் கணக்கு. கூலி கொடுத்து முடித்தபின் அதைப் பாதுகாத்து வைக்க அவர்களுக்குக் காரணம் ஏதுமில்லை.

ஜப்பான் காலத்தில் அந்தக் காகிதமும் போயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் சுமார் 75 ஆயிரம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு, பெரும்பாலோர் தமிழர். எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதே என் வாதத்துக்கு ஒரு சான்று. காஞ்சனபுரியில் காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7 ஆயிரம் கைதிகளுக்குக் கல் இருக்கிறது. பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரோடு, எண்ணோடு, படைப்பிரிவோடு. அதே பாதையில் அதே காலராவில் செத்த தோட்டத் தமிழருக்கு அங்கே கல் இல்லை. அந்தக் கைதிகளின் பட்டியலை வைத்திருக்க ஒரு படை இருந்தது. இவர்களுக்கு இருந்தது செக்ரோல் மட்டும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழரின் நிலை வேறு வகை. அந்தப் படைக்கு ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த் என்று சொந்தப் பதக்கங்கள் உண்டு. 1945-ல் படை சரணடைந்ததும் அவற்றை வழங்கிய அரசே மறைந்தது. சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய போர்வீரர் நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்தச் செப்டம்பரிலேயே இடித்துத் தள்ளினார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலிருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000-ல் இந்தியா பத்மஸ்ரீ தந்தது. நல்ல காரியம்; அவர் அறியப்பட்டவர். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கு?

1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்: வாக்கர், அலிசன், கிறிஸ்டியன். எல்லா வரலாற்று நூல்களிலும் மூவர் பெயரும் உண்டு. பொதுச்சேவைப் பதக்கத்தின் மலாயாப் பட்டைக்குத் தகுதிக் காலம் தொடங்குவதும் அந்தத் தேதியில்தான். முடிவது 1960 ஜூலை 31. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர் படையை அவசரமாகத் திரட்டினார்கள். முதல் ஆண்டிலேயே 30 ஆயிரத்தை எட்டியது. பெரும்பாலோர் மலாய்க்காரர், தமிழர் சிறு எண்ணிக்கை. அதற்குப் பிறகு ஊர்க்காவல் படை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்கு அளவு, பகலில் கொழுந்து, இரவில் முறைக்காவல். இந்தப் போரில் மாண்ட போலீசார் 1,346 பேர், படையினர் 519 பேர், பொதுமக்கள் 2,478 பேர் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. சண்டையின் பாரம் யார் தோளில் இருந்தது என்பதை அந்த மூன்று எண்களே சொல்கின்றன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே அரசு 1948-ல் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் பதிவு செய்து, புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கொடுத்தது. ஓராண்டுக்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். கூலிக்காரரைப் பற்றிக் காகிதம் எழுத ஆள் இல்லை, நேரமில்லை, மொழி தெரியவில்லை என்ற சாக்கு இதோடு முடிந்துபோகிறது. கட்டுப்படுத்த வேண்டியபோது லயத்துக் கடைசி வீடு வரை பேனா போயிருக்கிறது. கௌரவிக்க வேண்டியபோது அது துரை பங்களாவோடு நின்றுவிட்டது.

வீரப் பதக்கத்தில் இந்த இடைவெளி இன்னும் அகலம். மேலே சொன்னது போர்க்காலச் சேவைப் பதக்கம். பட்டியலில் எண்ணும் நாள்கணக்கும் இருந்தால் கிடைத்துவிடும். வீரத்துக்கான பதக்கத்துக்கு ஒரு அதிகாரி கண்ணால் கண்டு, அல்லது கண்டவர்களை விசாரித்து, பரிந்துரை எழுத வேண்டும். 1951-ல் சரவாக்கின் இபான் வழிகாட்டி அவாங் அனாக் ராவாங்குக்கு ஜார்ஜ் சிலுவை கிடைத்தது. காயம்பட்டுக் கிடந்த சிப்பாய் ஒருவரைக் காத்து, தானும் சுடப்பட்ட நிலையில் போராடியவர். முழுக்கத் தகுதியானவர். ஆனால் அவர் போனது வூஸ்டர்ஷயர் படைப்பிரிவோடு. காப்பாற்றப்பட்டவர் அதைச் சொன்னார், படைப்பிரிவு எழுதியது. ஜப்பான் காலத்தில் பேராக்கின் பாப்பானில் கெரில்லாக்களுக்கு மருத்துவம் பார்த்து ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளான சிபில் கார்த்திகேசுவுக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அவர் ஆங்கிலம் அறிந்தவர், அவர் கதையைக் கேட்டு எழுதக்கூடியவர்கள் இருந்தார்கள். மலைச் சரிவில் ஒருவர் கொழுந்துக் கூடையை விட்டுவிட்டு இருவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், அதைப் பார்த்திருக்கக்கூடியவர் யார்? தண்டல், பக்கத்து நிரையில் பறித்தவள், கோயில் பூசாரி. இவர்களில் ஒருவருக்கும் பரிந்துரை எழுதும் அதிகாரமில்லை. தோட்டத்தில் வீரம் குறைவு என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால், வெறும் தபால்பெட்டியைப் பார்த்து ஊரில் காதலர்களே இல்லை என்று சொல்வதைப் போன்றது அது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு கனமானது, தட்டிக்கழிக்க முடியாது. அவசரகாலம் என்பது ஏகாதிபத்தியம் தன் ரப்பரையும் ஈயத்தையும் காக்க நடத்திய போர் அல்லவா? அதில் வெள்ளைக்காரன் பக்கம் துப்பாக்கி பிடித்தவருக்கு ஏன் பதக்கம் தேடிக் கொடுக்க வேண்டும்? மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிட்டது அதே அரசு. அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத் தமிழருக்கு இரண்டு பக்கத்திலும் உறவினர் இருந்தார்கள். உண்மைதான். என் பதில் இது: பணிப் பதிவு என்பது நடந்த காரியத்தின் குறிப்பு; அந்தப் போரின் நியாயத்துக்குக் கொடுத்த சான்றிதழ் என்று அதைப் படிக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சின் பெங்கின் கதை போதும். ஜப்பானியரை எதிர்த்ததற்காகப் பிரிட்டன் அவருக்கு பர்மா நட்சத்திரமும் 1939-45 நட்சத்திரமும் கொடுத்தது, ஓ.பி.ஈ. பட்டமும் கொடுத்தது. அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராகி அதே பிரிட்டனை எதிர்த்தபோது பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1943-ல் பேராக் காட்டில் அவர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் செய்த உதவி அதனால் நடக்காததாகிவிடுமா? 1989 ஹாட்யாய் உடன்பாட்டுக்குப் பிறகு மலேசியா திரும்ப அனுமதி கேட்டார். குடியுரிமையையும் பிறப்பையும் காட்டும் சான்றிதழ்களைக் கொண்டுவா என்றன நீதிமன்றங்கள். 1948 போலீஸ் சோதனையில் அவை பறிபோயின என்றார் அவர். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அடுத்த ஆண்டு கூட்டரசு நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2013-ல் பேங்காக்கில் இறந்தார். அவர் செய்ததை ஏற்பவர் உண்டு, மன்னிக்க முடியாதவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பு வேறு. நாட்டிலேயே அதிகம் தேடப்பட்ட மனிதரிடமே, நீ யார் என்று காட்டக் காகிதம் எங்கே என்று கேட்க முடியுமானால், தண்டலின் மகனிடம் கேட்பதற்கு என்ன தடை? காகிதம் எடுத்தவர் கையில் இருக்க, இழந்தவரிடம் அதைக் கேட்கும் இந்த முறைதான் மாற வேண்டும். எந்தப் பக்கம் நின்றவருக்கும் அது பொருந்தும்.

காகிதம் எங்கே போயிற்று என்பதற்கு இன்னொரு துப்பும் உண்டு. 1957-ல் ஆட்சியை ஒப்படைக்கும்போது, புதிய அரசின் கையில் சிக்கக் கூடாது என்று கருதிய கோப்புகளைப் பிரிட்டிஷ் நிர்வாகம் ஐந்து லாரிகளில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு அனுப்பி எரித்தது. தப்பிய சில லண்டனுக்குப் போய், ஹன்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்து, 2011-க்குப் பிறகே வெளியே தெரிந்தன. ஊர்க்காவல் பட்டியல் அந்த லாரியில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ரகசிய அரசியல் கோப்புகளே பெரும்பாலும் எரிந்திருக்கும். ஆனால் தன் கையால் காகிதம் எரித்த ஓர் ஆட்சியின் வாரிசுகள், காகிதம் இல்லை என்ற ஒன்றையே மறுப்புக்குக் காரணமாகச் சொல்லும் உரிமையை இழந்துவிட்டார்கள்.

காலம் கடந்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. பிரிட்டனில் இதற்கு ஒரு விதியே உண்டு: ஐந்து ஆண்டுக்கு மேல் பழைய சேவைக்குப் புதுப் பதக்கம் ஏற்பதில்லை, ஒரே சேவைக்கு இரண்டு பதக்கம் கூடாது. மலேசிய அரசு 2004-ல் பிங்காட் ஜாசா மலேசியா என்ற பதக்கத்தை ஏற்படுத்தி, விடுதலைக்குப் பின் 1966 வரை இங்கே பணியாற்றிய காமன்வெல்த் படையினருக்கு வழங்க முன்வந்தபோது இந்த விதி குறுக்கே நின்றது. 2006-ல் லண்டன் சொன்ன முடிவு விசித்திரமானது: வாங்கிக்கொள்ளலாம், அணியக் கூடாது. முதியவர்கள் விடாமல் வாதாடினார்கள். 2011-ல் அணியவும் அனுமதி வந்தது. ஆர்க்டிக் கடல் வழிக் கப்பல் அணிகளில் இரண்டாம் உலகப் போரில் போனவர்களுக்கு ஆர்க்டிக் நட்சத்திரம் 2013-ல்தான் கிடைத்தது. 1942-ல் மூழ்கும் கப்பலில் பீரங்கியைவிட்டு அகலாமல் செத்த ஆஸ்திரேலிய மாலுமி டெடி ஷீனுக்கு விக்டோரியா சிலுவை 2020-ல் வழங்கப்பட்டது. 78 ஆண்டு கழித்து. காலக்கெடு ஒரு நிர்வாக வசதி, வேண்டியபோது நீளும். அது யாருக்காக நீண்டது என்று பாருங்கள்: சங்கம் வைத்தவர்கள், நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதத் தெரிந்தவர்கள், பட்டியலில் பெயர் இருந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து கட்டாயச் சேவைக்கு வந்து ஓராண்டு இருந்து திரும்பியவருக்கு மலேசியா மனமுவந்து நன்றி சொல்லியிருக்கிறது. அது சரியான செயலே. இங்கேயே பிறந்து இங்கேயே முறைக்காவல் நின்று இங்கேயே எரிக்கப்பட்டவருக்கு அந்த நன்றியை மறுக்கக் காலத்தைக் காரணம் காட்ட முடியாது.

கதவைத் திறந்தால் போலிகள் நுழைவார்கள் என்பது நடைமுறை அறிந்தவர்கள் சொல்லும் மறுப்பு. நுழைவார்கள்தான். இந்தியாவில் 1972 சுதந்திர நாளில் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத்தில் இது நடந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் கூட்டமே பிடிபட்டு, விவகாரம் 2005-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் அதே நீதிமன்றம் 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும்: தியாகிகளிடம் குற்ற வழக்கில் கேட்பது போன்ற சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் கேட்கக் கூடாது, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா என்று பார்த்தால் போதும். அதற்கு முன்பே 1993-ல் முகுந்த்லால் பண்டாரி வழக்கில், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. எதிர் உதாரணம் பிலிப்பைன்ஸ். ஜப்பானை எதிர்த்த பிலிப்பினோ முதியவர்களுக்கு 2009-ல் அமெரிக்கா ஒரு தொகை அறிவித்தது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பாதிக்கு மேல் நிராகரிப்பு. காரணம் பெரும்பாலும் ஒன்றே: செயின்ட் லூயிஸ் பதிவகத்துப் பட்டியலில் பெயர் இல்லை. 1973-ல் எரிந்த அதே பதிவகம்! தன் நாட்டவருக்குச் சம்பளப் பட்டியலை வைத்துக் கோப்பு கட்டிய அரசு, கெரில்லாக்களிடம் பட்டியலையே கேட்டது. பீட் ஒரு பக்கம், செயின்ட் லூயிஸ் மறு பக்கம். போலியைத் தடுக்கச் சிறந்த வழி பதிவையும் பணத்தையும் பிரித்துவிடுவது. ஒரு பெயரை ஏட்டில் ஏற்றி, ஒரு சான்றும் பதக்கமும் தருவதற்கு வாய்ப்பின் எடை போதும். ஓய்வூதியம் என்று வரும்போது கடுமை கூடட்டும். பேரன்களில் பெரும்பாலோர் கேட்பது முதலாவதைத்தான்.

எந்தச் சான்றுகளை ஏற்பது? தோட்டத்தில் மிஞ்சக்கூடியவை எவை என்று கணக்கெடுத்தால் அவ்வளவு வறுமை இல்லை. செக்ரோலின் உதிரிப் பக்கங்கள். தொழிலாளர் சேமநிதி 1951-ல் தொடங்கியதிலிருந்து அதன் உறுப்பினர் எண்ணும் பணம் கட்டிய மாதங்களும். தோட்டத்தை விட்டுக் காவலுக்குப் போன மாதங்களில் அந்தக் கட்டணம் நின்றிருந்தால், அந்த இடைவெளியே ஒரு சாட்சி. அவசரகால அடையாள அட்டை. சீருடையில் எடுத்த ஸ்டூடியோ புகைப்படம், அதன் பின்புறத்து முத்திரை. மாரியம்மன் கோயில் உபயதாரர் பலகையில் பெயருக்கு முன்னால் போட்ட பதவி. ஒன்று மட்டும் என்றால் எதுவும் நிற்காது. வெவ்வேறு கைகளால், வெவ்வேறு காரணத்துக்காக எழுதப்பட்ட மூன்று காகிதங்கள் ஒரே ஆளை ஒரே காலத்தில் காட்டினால், அது அரசுப் பட்டியலின் ஒரு வரியைவிட வலுவானது என்பேன். பட்டியல் ஒரு கையின் வேலை. பெயர் எழுத்து வேறுபட்டால் தள்ளுவது என்ற வழக்கம் முதலில் போக வேண்டும். அந்த வேறுபாடு கிராணியின் காதில் பிறந்தது, விண்ணப்பதாரரின் பொய்யில் இல்லை. வாய்மொழிச் சாட்சியத்தையும் சேர்க்க வேண்டும், ஆனால் தனித்து நிற்க விடக் கூடாது. எழுபது ஆண்டு நினைவில் ஜப்பான் காலமும் அவசரகாலமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதை ஒப்புக்கொள்வது தமிழருக்குக் குறைவில்லை.

இவர்கள் கூலிக்குக் காவல் நின்றவர்கள்தானே, போர்வீரர் எப்படி ஆவார்கள் என்று கேட்பவரும் உண்டு. சிப்பாயும் சம்பளம் வாங்கியவர்தான். இந்தப் பாகுபாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் வாயாலேயே சொல்லிவிட்டது. 2021 ஏப்ரலில் வெளியான அதன் விசாரணை அறிக்கை, முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் சுமைதூக்கிகளுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றது. எழுத்தர் தவறில்லை, இவர்களுக்குக் கல் வேண்டாம் என்று அதிகாரிகள் அன்றே எடுத்த முடிவு. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு ஆப்பிரிக்கச் சுமைதூக்கிக்குப் பெயர் தேட முடியுமானால், நேற்றைய ரிங்லெட் ஊர்க்காவலருக்கும் தேட முடியும்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தாத்தாவின் தகரப் பெட்டியில் பதக்கம் ஏதும் கிடந்தால் அதைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள எழுத்தும் மங்கிப்போகும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணையும் பெயரையும் பிரிவையும் இருக்கிறபடியே, பிழையோடு, எழுதி வையுங்கள். பதக்கம் இல்லாத வீட்டில் சேமநிதி எண்ணையும் பழைய அடையாள அட்டையையும் சீருடைப் படத்தின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, உடன் நின்றவர் யார் என்று கீழே குறித்து, ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் உயிரோடு இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்.